கொல்லிமலையில் கடல் இருந்ததா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பள்ளத்தைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்வார்கள். பாதைக்காக மலையை வெட்டிய இடங்களில் தெரியும் பாறையைப் பார்க்கிறவர்கள் அநேகமாக இல்லை. நானும் பல தடவை பார்க்காமல்தான் ஏறினேன். ஒரு மாணவன்தான் பார்க்க வைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இயற்பியல் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளில் பாதி வழியில் நின்று இளைப்பாறும்போது, அவன் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்துக் காட்டினான். ஒன்று, அடிவாரத்தில் தேநீருக்கு நின்ற இடத்தில் ஓடையில் பொறுக்கியது. கம்பளிப் போர்வையின் கரைபோலக் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கோடுகள். கையில் வாங்கினால் அளவுக்கு மீறிய கனம். மற்றொன்று, மலைமேல் கிடைத்த வெளிறிய பலகைக் கல். அதன் முகத்தில் மையால் வரைந்தாற்போல் நுணுக்கமான கிளைகளுடன் ஒரு செடி.

"சார், இது பெரணிதானே? பாசிலா?"

"பாசில்தான். பத்திரமாக வைத்துக்கொள்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது அந்தக் கல் கைக்குக் கை மாறியது. மறுவாரம் நிலவியல் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டியபோதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. "கொல்லிமலையில் பாசில் தேடுகிறீரா? சூளையில் வெந்த செங்கல்லில் வைக்கோலைத் தேடுவது போலத்தான்" என்று சிரித்தார்.

கல்லில் இருந்தது செடியே அன்று. பாறையின் நுண்ணிய வெடிப்புக்குள் மழைநீர் கசிகிறது. அது கரைத்துக் கொண்டுவரும் மாங்கனீசு, ஆக்சைடாக மெல்லப் படிகிறது. படிவின் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிக்குத்தான் புதுச் சரக்கு முதலில் வந்து சேரும். ஆகவே நுனி மேலும் நீளும். இடுக்கு பட்டினி கிடக்கும். இப்படியே கிளை விட்டுக் கிளை விட்டு ஒரு செடியின் உருவம் வந்துவிடுகிறது. பரவி வரும் துகள்கள் ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் இத்தகைய வளர்ச்சியை விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலார் 1981-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதாவது, நான் ஏமாந்தது என் சொந்தப் பாடத்திலேயேதான்!

அந்தப் பலகைக் கல் இன்றும் எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. 'பாசில் அன்று' என்று நானே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நண்பர் சொன்ன சூளை உவமை என்னை விடவில்லை. கொல்லிமலை எப்போது, எங்கே வெந்தது? அங்கே பாசில் கிடையாதென்றால் நமக்கு அருகில் எங்கே கிடைக்கும்? அதை யார் கண்டார்கள்? விடை தேடப் போய், நாமக்கல்லில் தொடங்கிய வழி என்னை அரியலூர் வரைக்கும், அங்கிருந்து இமயத்துக்கு அப்பால் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. நீங்களும் உடன் வாருங்கள்.

கிழக்கே ஒரு கடல்

கொல்லிமலையின் உச்சியிலிருந்து நேர் கிழக்கே, பறவை போகும் வழியில், பச்சைமலையைத் தாண்டி 60 கிலோமீட்டர் போனால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்ற ஊர் வரும். அங்கே நிலம் மழைநீரால் அரிக்கப்பட்டு, சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகளாக, புல்லும் அதிகமில்லாமல் கிடக்கிறது. திரைப்படங்களில் காட்டும் பாலைவனத்தைச் சிறு அளவில் செய்து வைத்தாற்போல் இருக்கும். சாம்பலும் மஞ்சளுமான களிமண். அதில் நரம்புபோல ஓடும் ஜிப்சம் வெயிலில் மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கிக் குண்டு வடிவில் வழவழப்பான கற்கள் கிடக்கும். அவை கணவாய் மீனின் பழைய உறவினமான பெலம்னைட் என்ற உயிரின் உள்ளோடுகள். அதிர்ஷ்டமிருந்தால் ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டும் கண்ணில் படும். சுறாவின் பற்களும் அந்தக் களிமண்ணில் கிடைத்திருக்கின்றன. கடல் இன்று அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் மேற்குக் கரை காரை, ஊட்டத்தூர்ப் பக்கத்தில்தான் இருந்தது.

ஊர்க்காரர்கள் இந்தக் கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தே வந்திருப்பார்கள். இவை அச்சேறிய கதை 1840-களில் தொடங்குகிறது. சென்னை ராஜதானியில் சிவில் அதிகாரியாக இருந்த கே என்பவரும் அவருடைய நண்பர் கன்லிஃபும், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் மூட்டை மூட்டையாகச் சிப்பிக் கற்களைச் சேர்த்தார்கள். அவை கப்பலேறி இலண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற உயிரியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். ஐரோப்பாவில் 'கிரிட்டேசியஸ்' என்று பெயரிடப்பட்ட சுண்ணாம்புக்கால அடுக்குகளில் உள்ளவற்றோடு இவற்றை ஒப்பிட முடிந்தது. அதுவரை தென்னிந்தியா முழுவதும் கடல் தீண்டாத பழம்பாறை என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இளைஞர். ஊர் ஊராக நடந்து, எந்தப் படுகைக்கு மேல் எந்தப் படுகை என்று அளந்து வரைபடம் தீட்டினார். படுகைகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருந்தன. ஆகவே மேற்கில் வெளியே தெரிவது பழையது, கிழக்கே போகப்போகப் புதியது. அடியில் உள்ளதை ஊட்டத்தூர்த் தொகுதி என்றும், நடுவில் உள்ளதைத் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்றும், மேலே உள்ளதை அரியலூர்த் தொகுதி என்றும் 1862-ஆம் ஆண்டு அறிக்கையில் பெயரிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக நிலவியல் நூல்களில் நிற்கின்றன. திருச்சி மாவட்டத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிளான்ஃபோர்டைப் பற்றி இன்னொரு செய்தி: 1875-இல் இந்திய வானிலைத்துறை அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவர் இவரே. இமயப் பனிக்கும் நம் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று 1884-இல் எழுதியவரும் இவரே.

பிளான்ஃபோர்டால் முந்தியது எது, பிந்தியது எது என்று சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. அதை இயற்பியலார் சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்கள், தவறாகச் சொன்னார்கள்.

அதே 1862-இல், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், பூமியின் வயதைக் கணக்கிட்டார். உருகிய நிலையில் தொடங்கிய கோளம், வெப்பக் கடத்தலால் மட்டுமே குளிர்ந்து இன்றைய நிலைக்கு வர எத்தனை காலம் பிடிக்கும்? 2 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது, 40 கோடிக்கு மேற்படாது என்பது அவர் விடை. கணக்கில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட கருத்தில்தான் பிழை. பூமியின் உட்பகுதி திடக்கல் போல வெப்பத்தைக் கடத்தவில்லை. மிக மெதுவாகப் புரண்டு வெப்பத்தை மேலே சுமந்து வருகிறது. அதனால் மேற்பரப்பு நெடுங்காலம் சூடு குறையாமல் இருக்க முடியும். கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இல் இதை எடுத்துச் சொன்னார். பெரியவர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். பூமிக்குள் இன்னொரு வெப்ப மூலமும் இருப்பது பின்னர் தெரிய வந்தது. ஆயினும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம், பாறையைக் கையால் தொட்டு நடந்தவர்கள் "காலம் போதவில்லையே" என்று தவித்ததும், கரும்பலகைக்காரர்கள் அவர்களைக் கடிந்துகொண்டதும் நடந்தன. இயற்பியல் ஆசிரியனான நான் இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறேன். மதிப்பெண் வாங்கித் தராத பகுதி என்பதால் மாணவர்கள் எழுதிக்கொள்வதில்லை!

பாலைமலையும் சாளக்கிராமமும்

பிளான்ஃபோர்டு தொடங்கி வைத்த அரியலூர்ச் சிப்பிகளின் வேலையை முடித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா. இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் 1838-இல் பிறந்தவர்; 1862-இல் கல்கத்தா வந்தார். நம் திருச்சி மண்ணின் அம்மோனைட்டுகள், நத்தைகள், இரட்டை ஓட்டுச் சிப்பிகள், பவளங்கள் என்று ஒவ்வொன்றாகப் படம் வரைவித்து, 1873 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். காரையில் கிடைக்கும் அம்மோனைட்டுக்குப் பெயர் தேடும் மாணவன் இன்றும் அவர் நூலைத்தான் புரட்ட வேண்டும்.

இதற்கிடையில் 1864-இல் அவர் இமயத்தில் ஸ்பிட்டிக்குப் போனார். மழை எட்டாத குளிர்பாலை அது. மரமில்லை, மண்ணில்லை. கடலில் படிந்த அடுக்குகள் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் மடிந்தும் சாய்ந்தும், யாரோ பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்த ஏடுபோல் வெறுமையாக நிற்கின்றன. நமது மலைகளில் இது நடவாது. காடும் மண்ணும் பாறையை மூடிவிடும். பாதை வெட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். ஸ்பிட்டியின் கறுப்பு மண்பாறையில் அம்மோனைட்டுகள் நிறைய உண்டு. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் உருண்டு வரும் அத்தகைய கற்களே நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம். உள்ளே தெரியும் சக்கரம் அந்த உயிரின் ஓடு. பாட்டிமார் பூசையறையில் ஏற்கெனவே அம்மோனைட் இருக்க, நாம் அதைப் பாடநூலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டொலிச்கா யார்க்கந்து சென்ற தூதுக்குழுவோடு போய்த் திரும்பும் வழியில், காரகோரத்தைக் கடந்தபின், உயரத்தின் கொடுமையால் நோயுற்று 1874 ஜூன் 19 அன்று காலமானார். வயது 36. அவருடைய நினைவுச் சின்னம் லே நகரில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிப்பிகளுக்காக உழைத்தவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தெருவின் பெயராவது வைக்கலாம்.

கல்லறைக் கல்

கொல்லிமலைக்குத் திரும்புவோம். இதன் பெரும்பகுதி சார்னகைட் என்ற பாறை. பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவர் என்று சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்திருந்த கல், வங்காளத்துக் கல் அன்று. சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று தாமஸ் ஹாலந்து 1893-இல் கண்டு, அந்தப் பாறை இனத்துக்கே சார்னக்கின் பெயரை வைத்தார். பெயர்தான் புதிது. நமக்கு அது அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கோயில் தூணுக்கும் ஆன பழைய கருங்கல்தான்.

இந்தக் கல் எங்கே வெந்தது? அதிலுள்ள கனிமங்களின் சேர்க்கையிலிருந்து, 700 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவானது என்று தெரிகிறது. 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு நீங்களே அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2800 கிலோகிராம், புவியீர்ப்பு 9.8; ஆழம் 25,000 மீட்டர். பெருக்கினால் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 7000 மடங்கு வரும். நண்பர் சொன்ன சூளை இதுதான். மேலே கிடந்த சுமையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, ஆழத்தில் இருந்தது இன்று 1200 மீட்டர் உயரத்தில் அன்னாசிப்பழம் விளைவித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது வெந்தது என்பதற்குச் சிர்க்கான் என்ற மணல்துகள் அளவான கனிமம் சாட்சி சொல்கிறது. அது உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், காரீயத்தை ஏற்காது. ஆகவே இன்று அதில் இருக்கும் காரீயம், யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம் 238-இன் அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் இருந்த 100 அணுக்களில் இன்று சுமார் 68 மிஞ்சி, 32 காரீயமாகியிருந்தால் வயது என்ன? வகுப்பில் போடுகிற அதே கணக்குத்தான்: 250 கோடி ஆண்டுகள். கொல்லிமலைப் பாறைகளின் வயது அந்த அளவினதே. கெல்வின் பூமி முழுவதற்கும் கொடுத்த உச்ச வரம்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்!

ஆக, நண்பரின் செங்கல் உவமை பாதி உண்மைதான். சூளைக்குப் போகுமுன்பே இந்த மண்ணில் வைக்கோல் கிடையாது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரணியும் இல்லை, சிப்பியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே இருந்தன. ஓடுள்ள விலங்குகள் வந்ததே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பெரணிகள் அதற்கும் பின்.

அப்படியானால் கடலும் இல்லையா? இங்கேதான் மாணவனின் முதல் கல் வருகிறது. கோடு போட்ட அந்தக் கனமான கல்லின் அருகே ஆய்வுக்கூடத்துச் சட்டக் காந்தத்தைக் கொண்டுபோனேன். பட்டென்று ஒட்டிக்கொண்டது. கறுப்புக் கோடு மேக்னடைட் என்ற இரும்புத் தாது. வெள்ளைக் கோடு குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே அது. சேலத்துக் கஞ்சமலையில் இருப்பதும் இதே கல். சேலம் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864-இல் எழுதிய அறிக்கையிலேயே இத்தகைய இரும்புப் படுகைகள் பேசப்படுகின்றன. பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான்.

இந்தக் கோடுகள் எப்படி வந்தன? பழங்காலக் கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. ஆக்சிஜன் இல்லாத நீரில்தான் அப்படி நிறையக் கரைந்து இருக்க முடியும். எங்கோ அது ஆக்சைடாகி அடியில் படிந்தது. ஒரு காலத்தில் இரும்பு, ஒரு காலத்தில் சிலிக்கா என்று மாறி மாறிப் படிந்ததே இந்த வரிகள். இரும்பைத் துருப்பிடிக்க வைத்ததில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில்தான் வாதம் நடக்கிறது. பின்னால் சூளைக்குள் போய் வெந்ததில் வரிகள் மடிந்தன, முறுகின, ஆனால் அழியவில்லை. கொல்லிமலை அடிவாரத்து ஓடையில் என் மாணவன் பொறுக்கியது ஒரு கடலடி. சிப்பி இல்லாத கடல், ஆயினும் கடல். அவன் பெரணியைக் காட்டினான், நான் பாசில் என்றேன். வரிக்கல்லைக் காட்டினான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்மரம்

கொல்லிமலைக்கும் அரியலூர்ப் பாசில்களுக்கும் வேறொரு உறவும் உண்டு. காரையின் களிமண்ணும் மணலும் எங்கிருந்து வந்தன? மேற்கே இருந்த பழம்பாறை நிலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளில் இறங்கிக் கடலில் சேர்ந்த மண்தான் அது. இன்றைய பச்சைமலையும் கொல்லிமலையும் அந்த மேற்கு நிலத்தைச் சேர்ந்தவை. அம்மோனைட்டுகளை மூடிக் காத்தது இத்தகைய மலைகளின் தூசி.

அந்த நிலத்து மரம் ஒன்றும் கடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஓர் அடிமரம் கல்லாகிக் கிடப்பதை, நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார். பின்னாளில் அத்துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். ஆற்றோடு மிதந்து வந்து கடலடியில் புதைந்த மரம். மரநாரின் இடத்தைச் சிலிக்கா எடுத்துக்கொண்டது. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. இன்று வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த வேலி கிடைக்கவில்லை. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலார் ஆராய்ந்து, 1987-இல் 'புருகத்காயசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று அளந்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளுள் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் எலும்புகள் ஊறிய களிமண்ணில் கிடந்தவை. பொரிந்து பொரிந்து உதிர்ந்தன. இன்று அவை இல்லை. எலும்புதானா, கல்மரமா என்று வெளிநாட்டார் ஐயப்பட்டபோது எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. 2022-இல் பழைய நிழற்படங்கள் வெளியான பின்னரே வாதம் ஓரளவு தணிந்தது. பிளாஸ்டர் கட்டு போட்டு எலும்பை எடுக்கப் போதிய பொருளும் நேரமும் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சுரங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். டால்மியாபுரம் முதல் அரியலூர் வரை சிமெண்ட் ஆலைகள் அரைப்பது இந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்லைத்தான். உங்கள் வீட்டுச் சுவரில் பவளமும் பாசியும் சிப்பியும் தூளாகிக் கலந்திருக்கலாம். பாசில்கள் அழிகின்றன என்று வருந்துவது நியாயம். ஆனால் சுரங்கம் தோண்டியதால்தான் பல அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்து ஆராயப்பட்டன என்பதும் உண்மை. வெட்டு வாயில் பாசில் தெரியும்போது அரைவை இயந்திரத்துக்குப் போகுமுன் பார்த்துக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும் என்பது என் கட்சி. அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால் இப்படித் தப்பி வந்தவற்றைக் காணலாம்.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டு, 'டைனோசர் முட்டை' என்ற செய்தி பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். நிலவியல் அறிந்தவர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றிக் கடற்படிவு இறுகிய உருண்டைகள் என்றார்கள். கூடிய கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. என் அலமாரியில் சீட்டு ஒட்டிய கல் இருக்கிறதே!

சென்ற மாசி மாதம் மாணவர்களைக் காரைக்கு அழைத்துப்போனேன். நீங்களும் போவதானால் அந்தப் பருவமே நல்லது. சித்திரை வெயிலில் அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. தண்ணீரும் கைக்கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். கிடப்பதைப் பார்த்து, படம் பிடித்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடத்தை விட்டு நகர்ந்த பாசில், தேதி கிழிந்த கடிதம் போன்றது. நாங்கள் போன அன்று மாலை மேற்கே பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. கொல்லிமலை அதற்கு அப்பால். ஒரு மாணவி பெலம்னைட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். எடுத்துக் கீழே வைத்தாள். பேருந்து ஓட்டுநர் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்.